சேலத்திலிருந்து நேரடி இறக்குமதி: முன்பணம் அனுப்புவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுத் தொழிற்சாலையிடமிருந்து முதன்முறையாகத் தாமே நேரடியாகப் பொருள் வரவழைக்க நினைக்கும் சேலம் வட்டாரச் சிறுதொழில் முனைவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, இதுவரை மூட்டைக் கணக்கில் ஜவ்வரிசி விற்றுவந்த ஆத்தூர்ப் பக்கத்து ஆலை ஒன்று, அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டுகளாக விற்க முடிவு செய்து, தானியங்கி பேக்கிங் இயந்திரம் ஒன்றைச் சீனாவிலிருந்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கான சங்கிலி இயந்திரமானாலும், ஏற்காட்டுத் தோட்டத்துக்கான காபி வறுக்கும் இயந்திரமானாலும் பாதை ஏறக்குறைய இதுவேதான்.

இறக்குமதி என்பது சென்னைத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் பார்த்துக்கொள்ளும் வேலை என்ற எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஆனால், துறைமுகத்தில் சரக்கு தேங்கி, நாள்வாடகை ஏறி, அபராதம் விழும் நிகழ்வுகளை ஆராய்ந்தால், அவற்றின் வேர் பெரும்பாலும் சேலத்திலேயே, முன்பணம் அனுப்பிய நாளுக்கு முன்னால் இருப்பதைக் காணலாம். சரக்கின் குறியீட்டைப் பார்க்காமல் விலை பேசியிருப்பார்கள், அல்லது எந்த அனுமதி தேவை என்று கேட்காமல் ஆர்டர் கொடுத்திருப்பார்கள், அல்லது விலை நிபந்தனையைப் புரிந்துகொள்ளாமல் ஒப்புக்கொண்டிருப்பார்கள். கப்பல் கிளம்பிய பிறகு இவற்றில் எதையும் எளிதாகத் திருத்த முடியாது.

பதிவுகள்

இது எளிய பகுதி. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணம் செலுத்தி, ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டைப் பெற வேண்டும். நிறுவனத்தின் பான் எண்ணே இன்று ஐ.இ.சி. எண்ணாகவும் இருக்கிறது. ஒருமுறை வாங்கினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. விவரங்களில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் அந்தத் தளத்தில் நுழைந்து அதை உறுதிப்படுத்த வேண்டும். அப்படிச் செய்யாத ஐ.இ.சி. முடக்கப்படும், முடக்கப்பட்ட எண்ணை வைத்துச் சரக்கை விடுவிக்க முடியாது.

அடுத்து, உங்கள் நடப்புக் கணக்கு உள்ள வங்கி அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனை செய்யும் அதிகாரம் பெற்ற கிளையோடு இணைந்திருக்கிறதா என்று கேட்டு, அந்தக் கிளையை அடையாளம் காட்டும் ஏ.டி. குறியீட்டைப் பெறுங்கள். சிறிய கிளைகளில் இந்தக் கோப்புகள் வேறு ஊரிலுள்ள மையத்துக்கு அனுப்பப்படும். அதற்கு ஆகும் நாள்களையும் கணக்கில் வையுங்கள். சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்திலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் தொழிலுக்காக இறக்குமதி செய்வது வீண் செலவு. ஏன் என்பது வரிக் கணக்கைப் பார்க்கும்போது விளங்கும்.

எட்டு இலக்கக் குறியீடு

இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். உலகில் வர்த்தகமாகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எச்.எஸ். குறியீடு உண்டு. அதன் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. இந்தியாவில் அது எட்டு இலக்கமாக விரிகிறது. சுங்க வரி விகிதம், உரிமம் தேவையா, தரக் கட்டுப்பாட்டு ஆணை பொருந்துமா, பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலையில் வந்து குவியும் வெளிநாட்டுப் பொருள்மீது விதிக்கும் கூடுதல் வரி) உண்டா என்பன எல்லாம் இந்த எட்டு இலக்கங்களைத் தொடர்ந்தே வருகின்றன.

விற்பவர் தம் விலைப்பட்டியலில் ஒரு குறியீட்டைத் தந்திருப்பார். அது அவருடைய நாட்டு ஏற்றுமதிக்காக அவர் பயன்படுத்துவது. இந்தியச் சுங்கத் துறையின் முன் அந்தக் குறியீட்டுக்குப் பொறுப்பு இறக்குமதியாளரான உங்களுடையதுதான். பேக்கிங் இயந்திரத்தையே எடுத்துக்கொண்டால், பை, டப்பா, புட்டி ஆகியவற்றை நிரப்பி மூடி ஒட்டும் இயந்திரங்கள் 8422 30 என்ற பிரிவிலும், பிற பொதியும் இயந்திரங்கள் 8422 40 என்ற பிரிவிலும், உதிரிபாகங்கள் 8422 90 என்ற பிரிவிலும் வருகின்றன. சுருளிலிருந்து பையை உருவாக்கி, நிரப்பி, மூடும் இயந்திரம் எதில் சேரும் என்று கேள்வி எழும்போது, அதன் முதன்மையான வேலை என்ன என்பதைக் காட்டும் தொழில்நுட்பக் குறிப்பும் படமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கூடவே வாங்கும் உதிரி மோட்டாரை ‘இயந்திர உதிரிபாகம்’ என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. மோட்டாருக்கு 8501 என்று தனித் தலைப்பு இருக்கிறது.

குறியீட்டில் உண்மையான ஐயம் இருந்து, தொகையும் பெரிதாக இருந்தால், சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பித்து முன்கூட்டியே தீர்ப்புப் பெறச் சட்டத்தில் வழி உண்டு. ஒரே ஒரு இயந்திரத்துக்கு இது மிகை. தொடர்ந்து ஒரே பொருளை வரவழைக்கப் போகிறவர் இதைப் பரிசீலிக்கலாம்.

அனுமதிகளும் தடைகளும்

குறியீடு உறுதியானதும், டி.ஜி.எஃப்.டி.யின் இறக்குமதிக் கொள்கைப் பட்டியலில் அந்தப் பொருள் தடையற்றதா, கட்டுப்படுத்தப்பட்டதா, முற்றாகத் தடைசெய்யப்பட்டதா என்று பாருங்கள். கட்டுப்படுத்தப்பட்டது எனில் உரிமம் கையில் வந்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

இன்று மிகுதியானோர் சிக்கிக்கொள்வது இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். தொடர்பான தரக் கட்டுப்பாட்டு ஆணைகளில்தான். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரைக்கான உரிமத்தை வெளிநாட்டுத் தொழிற்சாலைதான் பெற்றிருக்க வேண்டும், வாங்குகிற நீங்கள் உங்கள் பெயரில் வாங்கிக்கொள்ள முடியாது. உரிமம் இல்லாத தொழிற்சாலையின் பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது துறைமுகத்தைத் தாண்டாது. இயந்திரங்களின் பாதுகாப்பு குறித்தும் 2024 ஆகஸ்டில் ஓர் ஒழுங்குமுறை ஆணை வெளியாகி, அது நடைமுறைக்கு வரும் தேதி பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. இத்தகைய ஆணைகளின் தேதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், போன ஆண்டு நண்பர் இறக்கினார் என்பதை ஆதாரமாகக் கொள்ளாமல், ஆர்டர் கொடுக்கும் வாரத்தில் அமலில் உள்ள அறிவிக்கையைத் தேடிப் படிப்பது அவசியம்.

இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வைஃபை அல்லது புளூடூத் இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவின் ஒப்புதல் கேட்கப்படும். தேவையில்லாத வைஃபையை நீக்கித் தரும்படி தொழிற்சாலையிடமே சொல்லிவிடுவது நல்லது. பழைய தறிகளை வாங்குவோர், இயந்திரத்தின் வயதையும் மதிப்பையும் குறிப்பிடும் பட்டயப் பொறியாளர் (சார்ட்டர்ட் இன்ஜினியர்) சான்றிதழை எதிர்பார்க்க வேண்டும். மறுவிற்பனைக்கான பொட்டலப் பொருளெனில், இறக்குமதியாளர் பெயர், முகவரி, உற்பத்தி நாடு, அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவை சட்டமுறை எடையளவு விதிகளின்படி அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உணவுப் பொருளெனில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் முதல் ஆய்வகச் சோதனை வரை தனிப் பாதை. அதை இங்கே விரிக்கவில்லை.

தொழிற்சாலையைச் சரிபார்த்தல்

இணையச் சந்தைகளில் தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்வோரில் பலர் இடைத்தரகு நிறுவனங்கள். தரகரிடம் வாங்குவது தவறில்லை. சிறு ஆர்டருக்கு அவர்களே பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஆனால் யாரிடம் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். சீன நிறுவனம் எனில் அதன் தொழில் உரிமத்தின் படியைக் கேளுங்கள். அதில் 18 இடங்கள் கொண்ட பதிவுக் குறியீடு இருக்கும். சீன அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் அதை இட்டுப் பார்த்தால் நிறுவனம் தொடங்கிய ஆண்டும், அதற்கு அனுமதிக்கப்பட்ட தொழிலும் தெரியும். சீன மொழிப் பெயர்தான் அவர்களின் சட்டப்பெயர் என்பதால், ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது.

வீடியோ அழைப்பில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்வது இன்று எளிது. அதற்கும் மேலாக, நம் ஜவ்வரிசியைச் சில கிலோ அனுப்பி, அதையே நிரப்பி, எடையில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அரிசியில் சரியாக ஓடும் இயந்திரம் ஜவ்வரிசியில் மாவுத்தூசியால் அடைத்துக்கொள்ளக்கூடும். இயந்திரம் தயாரானதும், ஏற்றுமதிக்கு முன், எஸ்.ஜி.எஸ்., பீரோ வெரிட்டாஸ் போன்ற ஆய்வு நிறுவனங்களில் ஒன்றை அனுப்பிப் பார்ப்பதற்கான கட்டணம், வந்திறங்கிய இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவதற்கான செலவோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான்.

காலத்தையும் கவனியுங்கள். பொங்கல் கழிந்து ஆர்டர் கொடுக்கலாம் என்று நாம் நினைக்கும் வேளையில்தான், ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில், சீனப் புத்தாண்டு வந்து தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடப்படுகின்றன.

புரோஃபார்மா இன்வாய்ஸும் விலை நிபந்தனையும்

ஆர்டரை உறுதி செய்யும் முன் விற்பவர் தரும் புரோஃபார்மா இன்வாய்ஸை விலைச்சீட்டாக மட்டும் பார்க்காமல் ஒப்பந்தமாகவே படிக்க வேண்டும். இயந்திரத்தின் மாடல், திறன், பொருளைத் தொடும் பாகங்களின் உலோகத் தரம், உதிரிபாகப் பட்டியல், உத்தரவாதக் காலம், தயாரிக்கும் நாள்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மின்சாரத்தைக் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள்: சீனாவில் மும்முனை மின்னழுத்தம் 380 வோல்ட், நமக்கு 415 வோல்ட். இதைச் சொல்லாமல் விட்டால் அங்குள்ள வழக்கமான மோட்டார்தான் வரும். தொழில்நுட்பர் இங்கு வந்து இயந்திரத்தை நிறுவித் தருவதற்குக் கட்டணம் இருந்தால், அதைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். இறக்குமதிக்குப் பிந்தைய நிறுவுதல் செலவு தனியே பிரித்துக் காட்டப்பட்டால் அது சுங்க மதிப்பில் சேராது. அந்தச் சேவைத் தொகைக்கான வருமான வரிப் பிடித்தத்தையும் ஜி.எஸ்.டி.யையும் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எந்தச் செலவு யாருடையது என்று சொல்லும் விலை நிபந்தனைகளில், 2020-ஆம் ஆண்டு இன்கோடெர்ம்ஸ் எனப்படும் பன்னாட்டு வணிக விதிகளின்படி பதினொன்று உண்டு. நமக்கு முக்கியமானவை மூன்று. எக்ஸ்-ஒர்க்ஸ் எனில் அவர்கள் ஆலை வாசலிலிருந்தே எல்லாச் செலவும் நம்முடையது. எஃப்.ஓ.பி. எனில் அவர்கள் நாட்டுத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரை அவர்கள் செலவு. சி.ஐ.எஃப். எனில் சென்னை வரையிலான கப்பல் கட்டணமும் காப்பீடும் அவர்கள் விலையில் அடக்கம்.

முதன்முறை வாங்குபவருக்கு சி.ஐ.எஃப். வசதியாகத் தோன்றும். என் கருத்தில், முழு கன்டெய்னர் நிரம்பாத சரக்குக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். முறையில், அங்குள்ள சரக்கு முகவர் கப்பல் கட்டணத்தை மிகக் குறைவாக, சில வேளை சுழியமாகவே காட்டிவிட்டு, அந்தத் தொகையைச் சென்னையிலுள்ள தம் கூட்டாளி மூலம் டெலிவரி ஆர்டர் கட்டணம், பிரிப்புக் கட்டணம் என்று வெவ்வேறு பெயர்களில் நம்மிடம் வசூலிப்பார். சரக்கு அவர் கையில் இருப்பதால் பேரம் பேச இடமிருக்காது. எஃப்.ஓ.பி. விலையில் வாங்கி, சென்னையிலோ சேலத்திலோ உள்ள சரக்கு முகவரிடம் இரு துறைமுகக் கட்டணங்களையும் எழுத்தில் வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. காப்பீட்டை, ஆலை வாசலில் இறக்கும் வரை பொருந்துமாறு நாமே எடுத்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்புதல்

ஆர்டரின்போது 30 சதவீதமும் ஏற்றுமதிக்கு முன் 70 சதவீதமும் தருவது இயந்திர வணிகத்தில் பரவலான வழக்கம். அந்த 70 சதவீதத்தை ஆய்வு அறிக்கை வந்த பின்பே அனுப்புங்கள். தொகை பெரிதெனில் வங்கியின் கடன் உறுதிக் கடிதமான எல்.சி. வழியாகச் செல்வது பாதுகாப்பானது, ஆனால் எல்.சி. முறையில் வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே, பெட்டிக்குள் இருக்கும் இயந்திரத்தை அல்ல.

பணம் கேட்கப்படும் கணக்கின் பெயரும் இன்வாய்ஸ் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று நடுவில் மின்னஞ்சல் வந்தாலோ, ஏற்கெனவே பேசிய எண்ணை அழைத்து, முகம் பார்த்துக் கேட்ட பிறகே மேற்கொண்டு செய்ய வேண்டும். மின்னஞ்சலைக் களவாடிக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி, இறக்குமதியாளர்களைக் குறிவைத்தே நடக்கிறது.

‘வரி குறைய, இன்வாய்ஸில் பாதி விலை போட்டுத் தருகிறோம்’ என்று சில விற்பனையாளர்கள் தாமாகவே முன்வருவார்கள். மீதிப் பாதியைச் சட்டப்படி அனுப்ப வழியே கிடையாது என்பது ஒருபுறம். இதே பொருளைப் பிறர் என்ன விலைக்கு இறக்கினார்கள் என்ற தரவு சுங்கத் துறையிடம் இருக்கிறது என்பது மறுபுறம். அறிவித்த மதிப்பை ஏற்க மறுக்கவும், சரக்கைப் பறிமுதல் செய்யவும், அபராதம் விதிக்கவும் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அதிகாரம் தருகிறது.

வரிக் கணக்கு

இயந்திரத்தின் எஃப்.ஓ.பி. விலை 8,00,000 ரூபாய், கப்பல் கட்டணம் 60,000, காப்பீடு 9,000 என்று கொள்வோம். மூன்றையும் கூட்டினால் வரும் 8,69,000 ரூபாயே சுங்க மதிப்பு. அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம் எனில் 65,175 ரூபாய். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 6,518 ரூபாய். இவை எல்லாம் சேர்ந்த 9,40,693 ரூபாயின் மேல் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) 1,69,325 ரூபாய். ஆக, துறைமுகத்தில் கட்ட வேண்டியது 2,41,018 ரூபாய்.

இதில் ஐ.ஜி.எஸ்.டி.யை, விதிகளுக்கு உட்பட்டு, உள்ளீட்டு வரிக் கடனாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து) திரும்ப எடுத்துக்கொள்ளலாம்; மற்ற இரண்டும் சேர்ந்த 71,693 ரூபாய்தான் இயந்திரத்தின் விலையோடு நிரந்தரமாகச் சேரும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவருக்கு முழுத் தொகையும் செலவு. பதிவு உள்ளவருக்குத் திரும்பக் கிடைத்தாலும், ஐ.ஜி.எஸ்.டி.க்கான பணம் முதலில் கையிலிருந்து போக வேண்டும் என்பதை மறந்து, கடைசி நேரத்தில் கடன் தேடுவோர் உண்டு.

கப்பல் கட்டணத்துக்கான ரசீது கிடைக்காவிட்டால், எஃப்.ஓ.பி. விலையில் 20 சதவீதத்தைக் கட்டணமாகக் கொள்ள மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. மேற்கண்ட கணக்கில் 60,000 என்பது 1,60,000 ஆகிவிடும். ஒரு தாள் இல்லாததற்காகச் சுங்க வரியும் அதன் கூடுதல் வரியும் மட்டும் 8,250 ரூபாய் உயரும். ரூபாய் மதிப்புக்கு வங்கியின் அன்றைய விகிதம் பொருந்தாது, சுங்கத் துறை வெளியிடும் மாற்று விகிதமே பொருந்தும்.

ஜப்பான், கொரியா, ஆசியான் நாடுகள் முதலியவற்றோடு உள்ள வர்த்தக ஒப்பந்தங்களால் அடிப்படை வரி குறையக்கூடும். அதற்கு உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் மட்டும் போதாது. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள கேரோடார் விதிகளின்படி, பொருள் அந்நாட்டில் எவ்வாறு உற்பத்தியானது என்ற விவரமும் இறக்குமதியாளரிடம் இருக்க வேண்டும். ஏற்றுமதி செய்பவர்களுக்கு இ.பி.சி.ஜி. திட்டம் உண்டு: இயந்திரத்தை வரியின்றி இறக்கி, மிச்சமான வரியின் ஆறு மடங்கு மதிப்புக்கு ஆறு ஆண்டுகளில் ஏற்றுமதி செய்ய வேண்டும். உறுதியான ஏற்றுமதி ஆர்டர் இல்லாதவர் இதில் இறங்க வேண்டாம்.

கப்பல் கிளம்பியதும்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றின் வரைவுகளை ஏற்றுமதிக்கு முன்பே வாங்கி, பெயர், முகவரி, பெட்டிகளின் எண்ணிக்கை, எடை ஆகியவை எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். மரப்பெட்டியில் வரும் இயந்திரமெனில், மரம் பூச்சி நீக்கம் செய்யப்பட்டதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை பெட்டியின் மேல் இருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் அந்த முத்திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்வது இரண்டு நிமிட வேலை.

துறைமுகத் தேர்வில் சேலத்துக்குச் சில வசதிகள் உண்டு. சென்னையும் அதை ஒட்டிய காட்டுப்பள்ளியும் வழக்கமானவை. தூத்துக்குடிக்கு மதுரை வழியாகவும், கொச்சிக்குக் கோவை வழியாகவும் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. எல்.சி.எல். சரக்குக்குச் சென்னையில்தான் சேவைகள் மிகுதி.

பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் சுங்க அறிவிப்பை, சீனா போன்ற நாடுகளிலிருந்து வரும் கடல்சரக்குக்கு, கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம். ஆகவே ஆவணங்கள் கப்பலுக்கு முன்னால் நம்மிடம் வர வேண்டும். கிளியரிங் ஏஜென்ட் சுங்கத் தரகர் உரிமம் பெற்றவரா என்று பார்த்து, அவருடைய கட்டணப் பட்டியலை எழுத்தில் வாங்கி, அவர் பதிவு செய்யும் முன் வரைவை நீங்களே ஒருமுறை படியுங்கள். குறியீடு, மதிப்பு, பொருளின் விவரம் ஆகிய மூன்றுக்கும் சட்டத்தின் முன் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டைச் செய்யும் அதிகாரி சென்னையில்தான் இருப்பார் என்பதில்லை. முகமறியா மதிப்பீட்டு முறை 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும், இயந்திரங்கள் அடங்கிய 84, 85 ஆகிய அத்தியாயங்களோடுதான் தொடங்கியது. இன்று நாட்டின் வேறொரு மூலையில் இருக்கும் அதிகாரி உங்கள் ஆவணத்தைப் பார்க்கலாம். அவர் இணையவழி எழுப்பும் கேள்விக்கு, முன்பே திரட்டி வைத்த தொழில்நுட்பக் குறிப்பையும் படத்தையும் இணைத்து அன்றே பதில் கொடுத்தால் நாள்வாடகை மிச்சம். கன்டெய்னர் நிற்கும் இடத்துக்கான டிமரேஜும், கன்டெய்னரையே வைத்திருப்பதற்கான டிடென்ஷனும் வெவ்வேறு கட்டணங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்.

வரி கட்டி, சுங்க விடுவிப்பு ஆணை கிடைத்ததும், பில் ஆஃப் என்ட்ரியை வைத்து ஈ-வே பில் எடுத்து லாரியில் ஏற்றலாம். லாரி ஆலைக்கு வருவதற்கு முன் கிரேனுக்கோ ஃபோர்க்லிஃப்டுக்கோ சொல்லி வையுங்கள். பெட்டியைத் திறக்கும்போது தொடக்கத்திலிருந்தே வீடியோ எடுங்கள். சேதம் தெரிந்தால் பாகங்களை நகர்த்தாமல், அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் சரக்கு முகவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகும் இரண்டு வேலைகள் மீதமிருக்கும். அனுப்பிய பணத்துக்கு ஈடான சரக்கு வந்துவிட்டது என்று காட்ட, பில் ஆஃப் என்ட்ரியை வங்கியில் ஒப்படைத்து அந்தக் கணக்கை முடிக்கச் சொல்ல வேண்டும். முடிக்காத பதிவு அடுத்த இறக்குமதிக்குப் பணம் அனுப்பும்போது குறுக்கே வரும். ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த ஐ.ஜி.எஸ்.டி. தொகை உங்கள் எண்ணுக்கு எதிரில் வந்திருக்கிறதா என்று ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பில் ஆஃப் என்ட்ரியில் ஜி.எஸ்.டி. எண் ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் அந்த வரிக் கடன் உங்களுக்கு வராது. சுங்கத் தணிக்கை பின்னாளிலும் வரக்கூடும் என்பதால், கடிதப் போக்குவரத்து உட்பட முழுக் கோப்பையும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.